ஹெஸ்கெத்தின் படமும் அஞ்சலையின் கைநாட்டும்

1

கடந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எங்கள் லண்டன் வீட்டுத் தொலைக்காட்சியில் எங்கள் ஊரான சுங்காய் வந்தது. மலேசியாவில், பேராக்கில் இதை வாசிக்கிறவர்களில் சிலர் அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம், ஆனால் பார்த்திருக்க வழியில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எடுத்த ஆவணப்படம் அது. எடுத்தவர் ஹெஸ்கெத். இந்த ஆண்டு அவர் ஓய்வு பெறுவதால் அவருடைய படங்களை வாரம் ஒன்றாக மறுபடி ஒளிபரப்பினார்கள். மூன்றாவது வாரம் எங்கள் முறை.

மனைவிக்கு அன்று மருத்துவமனையில் வேலை. நானும் மகள் மாலதியும் பார்த்தோம். மாலதிக்குப் பதினாறு வயது. தமிழில் பேசினால் ஏறக்குறைய புரிந்துகொள்வாள், பதில் ஆங்கிலத்தில் வரும். ஹெஸ்கெத்தைப் போலப் படம் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவர் படங்களின் பட்டியல் அவளுக்கு மனப்பாடம்.

படத்தின் கடைசியில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் நின்றபடி ஒரு பெண் ஒரு தாளில் கைநாட்டு வைக்கிறார். பிறகு நிமிர்ந்து, கேமராவுக்குச் சற்றுப் பக்கவாட்டில் பார்த்து ஏதோ சொல்கிறார். வாய் அசைவது தெரிகிறது, குரல் கேட்பதில்லை. அந்த இடத்தில் ஹெஸ்கெத்தின் வருணனைதான் ஓடுகிறது.

"அவங்க ஏதோ கேட்கிறாங்க" என்றாள் மாலதி. "உங்களைப் பார்த்துத்தானே கேட்கிறாங்க? என்ன அது?"

"ஞாபகமில்லை" என்றேன்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எழுந்துபோய்த் தேநீர் போட்டேன்.

2

ஹெஸ்கெத் யார் என்று சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தில் நெசவாலைகள் நிறைந்த ஓர் ஊரின் பத்திரிகையில் கால்பந்து முடிவுகளும் மரண அறிவிப்புகளும் எழுதத் தொடங்கியவர். அங்கிருந்து தொலைக்காட்சிச் செய்திக்கு வந்தார். ஆப்பிரிக்காவில் இரண்டு போர்களுக்கும் பிறகு வியட்நாமுக்கும் போனார். கோட்டு போட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்தி படிக்கச் சொன்னபோது மறுத்துவிட்டு, சொந்தமாக ஆவணப்படம் எடுக்க ஆரம்பித்தார். நிலக்கரிச் சுரங்கம், முதியோர் விடுதி, மூடப்பட்ட கப்பல் பட்டறை என்று ஆண்டுக்கு ஒன்று. இரண்டு படங்களுக்கு விருது கிடைத்தது. இரண்டு படங்களை நிறுத்தச் சொல்லி மேலிடம் கேட்டது, இவர் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லி நிறுத்தவிடாமல் பார்த்துக்கொண்டார். இந்த இரண்டாவது வகையில் ஒன்று எங்கள் தோட்டத்துப் படம். அதனால் அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அவருக்குச் சில ஒழுங்குகள் இருந்தன. பேசுகிறவரைவிட உயரத்தில் இருந்து கேள்வி கேட்க மாட்டார், தரையில் குந்திக்கொள்வார். ஒரே பேச்சை இரண்டாம் தடவை பேச வைக்க மாட்டார். படம் பிடித்து முடிந்த பிறகுதான் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குவார். முன்னால் வாங்கினால் ஆள் எச்சரிக்கையாகிவிடுவார் என்பார்.

நான் 1969இல் இங்கே வந்து, அவர் வேலை செய்த நிறுவனத்தின் படச் சேமிப்பு அறையில் எழுத்தரானேன். சுருளை ஓட்டிப் பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன தெரிகிறது, யார் என்ன பேசுகிறார் என்று தாளில் எழுத வேண்டும். தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. இராமநாதன் என்ற பெயர் முதல் வாரத்திலேயே ராம் ஆகிவிட்டது. தேநீர் வண்டி தள்ளிவரும் பெண்ணிடம் இன்றும் சில நாள் மலாயில் 'திரிமா காசி' என்று நன்றி சொல்லிவிடுகிறேன். அவள் அதைத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

லண்டனில் பங்கு விற்கும் ரப்பர் கம்பெனிகளைப் பற்றிப் படம் எடுக்க ஹெஸ்கெத் முடிவு செய்தபோது, நான் பேராக்காரன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளனாக வரச் சொன்னார். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தால் குழுவோடு பயணம் செய்வது எளிது என்றார். விண்ணப்பித்தேன். ஆறு வாரத்தில் தபாலில் வந்தது. மலேசியக் குடியுரிமையைத் துறந்து, குடிமக்களுக்கான நீல அடையாளக் கார்டைத் தூதரகத்தில் கொடுத்துவிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் இதற்கு ஒரே வரி. மீதி முழுவதும் பல் மருத்துவரைப் பற்றியது.

3

தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராணி தாளை நீட்டினால் கைநாட்டு வைப்பார்கள், என்ன தாள் என்று கேட்க மாட்டார்கள். லண்டனுக்குப் புறப்படுமுன் இரண்டு ஆண்டுகள், குடியுரிமை இல்லாமல் சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்களுக்குக் குடியுரிமை மனு எழுதிக்கொடுத்தவன் நான்தான். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஸ்டோர் மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். முதல் லயத்திலிருந்து வீடு வீடாக வரிசைப்படி. படத்தில் கைநாட்டு வைக்கும் அஞ்சலையின் வீடு கடைசி லயம். அந்த வரிசைக்கு வருமுன் எனக்கு லண்டன் விசா வந்துவிட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, ஒரு வெள்ளைக்காரரோடும் தாள்களோடும் நேராக அந்தக் கடைசி லயத்தில் போய் இறங்கினேன்.

அஞ்சலைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்துபோனவர், பிள்ளையில்லை. வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு அவரை உட்கார வைத்தோம். ஹெஸ்கெத் வழக்கம்போல எதிரில் தரையில் குந்தினார். அஞ்சலை எழுந்து நின்றுவிட்டார்.

"ஏன்கா எழுந்திட்டீங்க? உக்காருங்க."

"தொரை கீழ குந்திக்கிட்டு இருக்காரு, நான் மேல உக்காரவா? நல்லாருக்கு லா."

"அவரு அப்படித்தான் உக்காருவாரு. அவரு பழக்கம் அது."

"அவருக்குப் பழக்கம். எனக்குப் பழக்கம் இல்லியே, சின்ன கிராணி."

பக்கத்து வாசலில் நின்ற பாப்பாத்தி என்ற பெண், "நீயும் கீழ குந்திக்க அஞ்சலை. ரெண்டு பேரும் அஞ்சாங்கல்லு ஆடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹெஸ்கெத்துக்கு நான் மொழிபெயர்த்ததும் அவரும் சிரித்து எழுந்துகொண்டார். கடைசியில் இருவரும் நின்றபடிதான் பேசினார்கள். அந்தப் பெண் நின்றுகொண்டே பேசும் கம்பீரத்தை லண்டன் பத்திரிகைகள் பின்னால் பாராட்டி எழுதின.

அஞ்சலை பேசியதில் படத்தில் வந்த பகுதி இது:

"நான் பொறந்தது இந்த லயத்துலதான். என்னயப் பெத்து நாலாம் வாரம் எங்கம்மா பால் வெட்டப் போயிட்டாங்க. பொறப்பு பத்திரம் எடுக்கணும்னு அப்ப யாருக்குத் தெரியும்? பொறவு சப்பான்காரன் வந்தான், ஆபீசு கடுதாசியெல்லாம் எரிஞ்சு போச்சுன்னாங்க. இப்ப நீ எங்க பொறந்தேன்னு கேக்கறாங்க. மரத்தக் கேளுங்கன்னு சொல்லலாம்னா, அந்த மரத்தையும் வெட்டிட்டு வேற நட்டாச்சு."

அவருக்கு வேண்டியது நீலக் கார்டு. சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு வேலை செய்யவே பெர்மிட் வேண்டியிருந்தது. தோட்டத்தை விற்றால் லயமும் போய்விடும், வெளியே வீடு கேட்க நீலக் கார்டு வேண்டும். இதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

பேச்சு முடிந்ததும் தோட்ட ஆபீசிலிருந்து இரவல் வாங்கிய மைப் பெட்டியைத் திறந்து, ஒப்புதல் தாளை நீட்டினேன். இவருடைய முகத்தையும் குரலையும் எந்த நாட்டிலும் எக்காலத்திலும் பயன்படுத்தலாம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். அஞ்சலை பெருவிரலை அழுத்தினார். சேலைத் தலைப்பில் மையைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எத்தன மாசத்துல வரும், சின்ன கிராணி?"

எது வரும் என்று கேட்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு பேரைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. "ராம், வெளிச்சம்" என்று ஹெஸ்கெத் இரண்டு முறை கூப்பிட்டார்.

"வரும்கா" என்றேன்.

"எங்க வரும்? வீட்டுக்கா, ஆபீசுக்கா?"

"ஆபீசுக்கு வரும்."

4

படம் பார்த்த மறுநாள் திங்கட்கிழமை, சேமிப்பு அறையில் அந்தச் சுருளின் குறிப்புத் தாளை எடுத்தேன். என் கையெழுத்து. ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. கடைசி வரியில், ஒப்புதல் தாளுக்குப் பிறகு, 'தொடர்பற்ற பேச்சு, இருபது விநாடி' என்று எழுதியிருந்தேன். ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டேன். ஒலிப்பதிவாளர் கருவியை நிறுத்தாமல் விட்டிருக்கிறார். கேள்வி, என் பதில், இரண்டாவது கேள்வி, என் பதில், பிறகு யாரோ இருமுவது. பதினெட்டு விநாடிதான்.

அன்றைய நாட்குறிப்பையும் பார்த்தேன். பகல் சாப்பாடு, ஜீப்பின் எண், எத்தனை சுருள் ஓடியது எல்லாம் இருந்தன. 'மழை வரும் போலிருந்தது, வரவில்லை' என்றும் இருந்தது. அஞ்சலை கேட்டது இல்லை.

மாலதியிடம் அன்று மாலை சொன்னேன். தட்டில் முள்கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஹெஸ்கெத் பக்கத்துலதானே இருந்தார்? என்ன கேட்கிறாங்கன்னு அவர் உங்ககிட்ட கேட்கலையா?"

"அவருக்குத் தமிழ் தெரியாது."

"எனக்கும் சரியா தெரியாது" என்றாள். "நான் கவனிச்சேனே."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

5

தாப்பாவில் என் அக்காள் கணவர் கேமரன் மலைக்குப் பஸ் ஓட்டுகிறார். அஞ்சலை இப்போது எங்கே, கார்டு கிடைத்ததா என்று விசாரிக்கச் சொல்லி அவருக்கு எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"மச்சான், ஆளைப் பார்த்தேன். தோட்டம் இப்ப ரப்பர் இல்லை, எண்ணெய்க்குச் செம்பனை. லயத்தை இடிச்சாச்சு. நீலக் கார்டு உள்ளவங்களுக்கு மலிவு வீட்டுக்குப் பேர் எழுதினாங்க, இந்த அம்மாவுக்கு இல்லை. சுங்காய் பஸ் ஸ்டேஷன் கிட்ட சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுது, கடைக்குப் பின்னாலயே படுக்கை. ஏன் மனு போடலன்னு கேட்டேன். அது சொன்னது இது. 'ஏழு வருசத்துக்கு முன்ன பதிவிலாகா ஆளுங்க தோட்டத்துக்கே வந்து பேரு எடுத்தாங்க. எல்லாரும் போனாங்க, நான் போவல. நம்மளது சின்ன கிராணி லண்டன் வழியா போட்டிருக்காரு. ரெண்டு எடத்துல போட்டா ரெண்டையும் வெட்டிருவாங்க. பாப்பாத்திகூட வான்னு இழுத்திச்சு. ஒனக்கு வேணும்னா போ, எனக்குப் பெரிய எடத்துல இருக்குன்னு சொல்லிட்டேன்.' மச்சான், அந்த வருசம் போனவங்கள்ல பாதிப் பேருக்கு மேல கார்டு கெடைச்சிருச்சு. மாசம் ஒரு தடவ ஆபீசு கிராணிகிட்ட போயி லண்டன் கடுதாசி வந்திச்சான்னு கேக்குமாம். லயத்தை இடிக்கிற வரைக்கும் கேட்டிருக்கு. அவங்க கேலி பண்ணியிருக்காங்க. நீங்க என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்கன்னு எனக்கு வெளங்கல. அக்கா நலம்."

கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். பிறகு தாளில் எழுதினேன்: மாதம் ஒரு முறை, ஏழெட்டு ஆண்டுகள். பெருக்கிப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

6

ஹெஸ்கெத்தின் பணிக்காலம் பற்றி ஒரு மணி நேர நிகழ்ச்சி தயாராகிக்கொண்டிருந்தது. அவர் அறை பாதி காலியாக இருந்தது. நின்றபடியே வரிசையாகச் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டார், அது அவர் தொழில்.

"அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததா என்று கேட்டு நிறையப் பேர் எனக்கு எழுதினார்கள்" என்றார். "கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன் என்று பதில் போட்டேன். கூட்டங்களில்கூடச் சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும்."

"கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"வெளிச்சம் போகிறது என்று உங்களை விரட்டினேன், இல்லையா?"

"ஆமாம்."

அவர் ஒரு பெட்டியை மூடிவிட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "ஒவ்வொரு படத்திலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார் ராம். எனக்குத் தெரிந்தது மூன்று பேர். தெரியாதவர்கள் எத்தனை பேரோ. நான் மறுபடி எந்த ஊருக்கும் திரும்பிப் போனதில்லை. அடுத்த படம் இருந்துகொண்டே இருந்தது."

நான் பேராக் போவதாகச் சொன்னேன்.

"நிகழ்ச்சிக்காரர்களுக்குத் தெரிந்தால் கூடவே கேமரா அனுப்புவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். "நானாக இருந்தால் எடுத்துக்கொண்டுதான் போவேன். அதனால்தான் சொல்கிறேன்."

நிகழ்ச்சி ஜூனில் வந்தது. அஞ்சலை நிற்கும் காட்சி அதில் பன்னிரண்டு விநாடி இருந்தது. நான் அப்போது விமானத்தில் இருந்தேன்.

7

கடையின் பின்பக்கம் குழாயடியில் அஞ்சலை கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஈரக் கையைத் துடைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க கைநாட்டு வச்சது குடியுரிமைத் தாள் இல்ல. படத்துக்கு வச்சது. அது எந்த ஆபீசுக்கும் போவல."

அவர் மறுபடி குழாயடியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் எதக் கேக்கறேன்னும் தெரியும்."

"தெரியும்."

பதினொரு கிளாஸ் பாக்கியிருந்தது. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"பொறவு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மழ வர்ற மாதிரி இருந்திச்சு. இன்னும் ரெண்டு பேரப் படம் பிடிக்க இருந்திச்சு."

"மழ வந்திச்சா?"

"வரல."

அவர் தலையசைத்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அவர் பேசியது வேறு. "ஈப்போ பதிவு ஆபீசு காலையில எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

"எட்டு மணிக்கு."

"அப்ப மொத பஸ்ல போலாம். கடக்காரர்கிட்ட சொல்லிட்டு வாரேன்."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்தார். சிம்பாங் பூலாய் தாண்டியதும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார், நான் இருக்கிறேனா என்று.

பதிவிலாகாவில் ஓர் இளம் மலாய்ப் பெண் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார். "சூராட் பெரானாக்?" என்று பிறப்புப் பத்திரம் கேட்டார். இல்லை என்றதும், அஞ்சலையைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த இரண்டு குடிமக்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இவரைத் தெரியும், அதற்கு முந்தைய செக்ரோல்களில் இவர் பெயரைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். அடையாளக் கார்டு கேட்டார். கடவுச்சீட்டைக் கொடுத்தேன். திறந்து பார்த்து, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வெளிநாட்டுக்காரர் சாட்சி போட முடியாது.

"என்னவாம்?" என்றார் அஞ்சலை.

"எங்கிட்ட கார்டு இல்ல. அதனால நான் சொல்றது செல்லாதாம்."

"ஒங்களுக்கு நீலக் கார்டு இருந்திச்சே. தொலச்சிட்டீங்களா?"

"இல்லக்கா. அங்க பாஸ்போர்ட் எடுக்கறதுக்காகத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"நீங்களேவா?"

"ஆமா."

என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். "குடுக்கவும் செய்யலாமா அத" என்றார். அதை என்னிடம் கேட்டதாகவும் தெரியவில்லை.

அந்த அதிகாரிப் பெண் நல்லவர். மனுவை இன்றே வாங்கிக்கொள்கிறேன், சாட்சிகளை மூன்று மாதத்துக்குள் கூட்டி வாருங்கள் என்றார். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த பழைய தண்டல் ஒருவர் சுங்காயில் இருக்கிறார், பாப்பாத்தி மகளோடு சிம்பாங் பூலாயில் இருக்கிறார் என்று அஞ்சலையே விரல் விட்டுச் சொன்னார். இருவரிடமும் நீலக் கார்டு உண்டு. படிவத்தை நான் நிரப்பினேன். அஞ்சலை கைநாட்டு வைத்தார். ஒரு துண்டு ரசீது கொடுத்தார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் ரசீதை என்னிடம் நீட்டினார். "படிங்க. ஒன்னும் விடாம."

மலாயில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பெயர். சிவப்புக் கார்டு எண். மனு பெற்ற நாள். சாட்சிகள் பின்னர்.

"கீழ சின்ன எழுத்துல என்னமோ இருக்கே."

"மனு வாங்கினதுக்கு மட்டுந்தான் இந்த ரசீது. மனு ஏத்துக்கிட்டதா அர்த்தம் இல்லன்னு போட்டிருக்கு."

"எத்தன வருசத்துலன்னு போட்டிருக்கா?"

"போடல."

ரசீதைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தார். வெளிக்கதவுப் பக்கம் போகவில்லை. அந்த மலாய்ப் பெண்ணின் முகப்புக்கே போய், வரிசையில் இருந்த ஒருவருக்கு வழிவிட்டு, பிறகு ரசீதை மேசை மேல் வைத்து, சரளமான கடைவீதி மலாயில் அதைத் தனக்குப் படித்துக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார், கீழே சின்ன எழுத்தில் இருந்தது உட்பட. அஞ்சலை குனிந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சிலேயே இருந்தேன்.

திரும்பி வந்து, ரசீதை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார்.

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க" என்றார். "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."